குட்டி மீன் உருவம் நிஜ மீனைப் போல இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

உங்கள் கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். உள்ளங்கையில் அடங்கும் நன்னீர் மீன் உருவங்கள் பன்னிரண்டு உங்களுக்குப் பரிசாக வந்திருக்கின்றன. அதில் 'கெண்டை' என்று பெயரிட்டிருப்பது கெண்டை மாதிரியே இல்லை என்கிறீர்கள். இனி தத்ரூபமானவற்றை மட்டும் சேர்க்க ஆசை, எந்த நிறுவனத்தை நம்பலாம், விலை கூடினால் தரமும் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுவனப் பெயர்களைக் கீழே சொல்கிறேன். ஆனால் உங்களுக்கு வேண்டியது பெயர்ப் பட்டியல் அல்ல என்றே எனக்குப் படுகிறது. ஒரு உருவத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்ததும் 'இது சரி, இது தப்பு' என்று சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அது வந்துவிட்டால் எந்தக் கடையிலும் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

நான் மீனியல் படித்தவன். மாணவர்களுக்கு மீன்களை இனம் பிரித்துச் சொல்லித் தருவது பல ஆண்டுகளாக என் வேலை. அந்த வகுப்புக்காக வாங்க ஆரம்பித்த உருவங்கள்தான் மெல்ல மெல்லச் சேகரிப்பாக வளர்ந்தன. அதனால் உடலமைப்பு பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பராமரிப்பு பற்றிச் சொல்வதில் பாதி படித்தது, பாதி பட்டுத் தெரிந்தது. எந்த உருவம் பிற்காலத்தில் விலை ஏறும் என்பது என் துறை அல்ல, அதைத் தொடவே போவதில்லை.

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். புதிதாகச் சேர்ப்பவர்கள் எல்லோரும் நிறத்தில்தான் மயங்குகிறார்கள். மீனில் மிகச் சுலபமாக மாறுவது நிறம். ஒரே இன மீன் கலங்கிய நீரில் வெளிறியும் தெளிந்த நீரில் அடர்ந்தும் இருக்கும். பயந்தால் மாறும், இனப்பெருக்கக் காலத்தில் மாறும், செத்த சில நிமிடங்களில் மாறும். சாராயத்தில் பதப்படுத்திய மீனில் சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் போய்விடும், கறுப்பு மட்டும் தங்கும். அப்படிப் பதப்படுத்திய மீனையோ கரையில் கிடந்த மீனின் படத்தையோ பார்த்து வண்ணம் தீட்டினால் உருவம் மங்கலாகத்தான் வரும். ஆகவே நிறம் சற்று முன்பின் இருந்தால் நான் மன்னித்துவிடுவேன். துடுப்பு இடம் மாறி இருந்தால் மன்னிக்க மாட்டேன்.

துடுப்புகள்தான் மீனின் முகவரி. உருவத்தைப் புரட்டி வயிற்றைப் பாருங்கள். கெண்டை, கெளுத்தி, சால்மன் போன்றவற்றில் இடுப்புத் துடுப்புகள் இரண்டும் வயிற்றின் நடுவில், செவுளை ஒட்டிய மார்புத் துடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கும். திலாப்பியா, டிஸ்கஸ், பெர்ச், பாஸ் போன்றவற்றில் அவை முன்னேறி வந்து மார்புத் துடுப்புக்குக் கீழேயே நிற்கும். இந்த ஒரு வித்தியாசமே பாதி உருவங்களைத் தரம் பிரித்துவிடும். மலிவான தொகுப்புகளில் ஒரே அச்சில் வார்த்த உடலுக்குப் பன்னிரண்டு விதமாக வண்ணம் அடித்துப் பன்னிரண்டு பெயர் வைத்திருப்பார்கள். வரிசையாக மல்லாத்தி வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் இடுப்புத் துடுப்பு ஒரே இடத்தில் இருக்கும், உண்மை வெளிப்பட்டுவிடும்.

அடுத்து முதுகு. பைக் என்ற நீள மூக்கு வேட்டை மீனுக்கு முதுகுத் துடுப்பும், அடிப்பக்கத்தில் வாலுக்கு முன்னால் உள்ள குதத் துடுப்பும் வாலை ஒட்டிப் பின்தங்கி நிற்கும். பதுங்கி இருந்து ஒரே பாய்ச்சலாகப் பாய்கிற மீனுக்கு உந்துவிசை பின்னால்தான் வேண்டும். அந்தத் துடுப்பை முதுகின் நடுவில் வைத்தால், தாடையை எவ்வளவு அழகாகச் செதுக்கியிருந்தாலும் அது பைக் அல்ல. விராலுக்கு முதுகுத் துடுப்பு ஏறக்குறைய உடல் நீளத்துக்கு ஓடும். ட்ரௌட், சால்மன் குடும்பத்துக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையில், துடுப்பைத் தாங்கும் கம்பி போன்ற கதிர் இல்லாத சின்னச் சதைத் துடுப்பு ஒன்று உண்டு. கொழுப்புத் துடுப்பு என்போம். பட்டாணி அளவுகூட இல்லாத அதை விட்டுவிட்டு வார்த்த ட்ரௌட் உருவங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஸ்டர்ஜனுக்கு உடலில் ஐந்து வரிசை எலும்புத் தகடுகள், மூக்கடியில் நான்கு மீசைகள், வாலில் மேல் மடல் கீழ் மடலைவிட நீளம். மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

மீசையை எண்ணுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. சாதாக் கெண்டைக்கு, அதாவது கோய் மீனின் காட்டு உறவுக்கு, இரண்டு ஜோடி மீசை. தங்கமீனுக்கு மீசையே இல்லை. ஆரஞ்சு நிறத்தில் வருகிற உருவம் கோயா, தங்கமீனா என்பதை வாயோரம் பார்த்தே சொல்லிவிடலாம். கெளுத்திகளில் இன்னும் நுட்பம் இருக்கிறது. ஐரோப்பாவின் வெல்ஸ் கெளுத்திக்கு ஆறு மீசை. மேல்தாடையில் நீளமாக இரண்டு, மோவாயில் சிறிதாக நான்கு. வட அமெரிக்காவின் சேனல் கெளுத்திக்கு எட்டு மீசை, பிளந்த வால், ஒரு கொழுப்புத் துடுப்பு. வெல்ஸுக்குக் கொழுப்புத் துடுப்பு கிடையாது, குதத் துடுப்போ நீண்டு வாலை நெருங்கிவிடும். இவை இரண்டிலும் எதிலும் செதில் இல்லை. கெளுத்தி உடம்பில் செதில் கோடு பதித்திருந்தால் செதுக்கியவர் கெளுத்தியைத் தொட்டுப் பார்த்ததே இல்லை என்று பொருள். அதேபோல் கெண்டை வாய்க்குள் பல் வரிசை. கெண்டைக் குடும்பத்துக்குத் தாடையில் பல் கிடையாது, பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. வாய் திறந்த கெண்டை உருவத்தில் கூரிய வெள்ளைப் பற்கள் தெரிந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

நிறத்தை மறக்கச் சொன்னேன், ஆனால் நிறம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. நியான் டெட்ராவுக்குச் சிவப்புப் பட்டை உடலின் நடுவில் தொடங்கி வால் வரை போகும். கார்டினல் டெட்ராவுக்கு அது தலைப்பக்கத்திலிருந்தே ஓடும். பிரவுன் ட்ரௌட்டின் வாலில் புள்ளிகள் அரிது, ரெயின்போ ட்ரௌட்டின் வால் முழுக்கப் புள்ளி. புரூக் ட்ரௌட்டின் அடித்துடுப்புகளுக்கு முன் விளிம்பில் வெள்ளைக் கோடு, அதை ஒட்டிக் கறுப்புக் கோடு. ஏறக்குறைய எல்லா மீனுக்கும் முதுகு கருத்து வயிறு வெளுத்திருக்கும். மேலிருந்து பார்க்கும் பறவைக்கும் கீழிருந்து பார்க்கும் எதிரிக்கும் கண்ணில் படாமல் இருக்கத்தான். ஆப்பிரிக்காவில் தலைகீழாக நீந்தும் கெளுத்தி ஒன்று இருக்கிறது, சினோடோன்டிஸ் நைக்ரிவென்ட்ரிஸ். அந்தப் பெயரின் பொருளே கரிய வயிறு. அதன் வயிறு முதுகைவிடக் கருப்பு. அதை உருவமாகச் செய்து வயிற்றை வெளுத்து வைத்தால், அந்த மீனின் வாழ்க்கையையே அழித்த மாதிரி.

சாக்ஐ சால்மன் இன்னொரு நல்ல உதாரணம். கடலில் இருக்கும்போது அது வெள்ளி நிறம். முட்டையிட ஆற்றில் ஏறும்போது உடல் சிவந்து தலை பச்சையாகும். ஆணுக்கு முதுகு கூனி, தாடை கொக்கியாக வளையும். சிவந்த உடலும் கூனும் கொக்கியும் சேர்ந்து இருந்தால் அது முட்டையிடும் கால ஆண், மூன்றும் பொருந்துகின்றன. வெள்ளி உடலில் பெரிய கூனும் கொக்கியும் வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் அது சந்தேகம் மட்டுமே, ஏனென்றால் மாற்றம் படிப்படியாகத்தான் நடக்கிறது, இடைநிலையில் பிடிபட்ட மீனும் உண்டு.

எதை மன்னிக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். துடுப்பு தடித்திருப்பதை மன்னியுங்கள். நிஜத் துடுப்பு ஒளி ஊடுருவும் மெல்லிய தோல். அந்த மென்மையில் வார்த்தால் அச்சுக்குள் பிளாஸ்டிக் முழுவதும் ஓடி நிரம்பாது, நிரம்பினாலும் அச்சிலிருந்து எடுக்கையிலேயே கிழியும். குழந்தைகள் கையாளும் பொருளில் கூர்முனை வைக்கவும் முடியாது. செதில் வரிசையின் எண்ணிக்கையையும் மன்னியுங்கள், ஐந்து சென்டிமீட்டர் உருவத்தில் அதைச் சரியாகக் காட்டுவது அநேகமாக முடியாத காரியம். பளபளப்பும் அப்படித்தான். மீனின் வெள்ளி மினுக்கு, தோலில் அடுக்கடுக்காகக் கிடக்கும் குவானின் படிகங்களால் வருவது; அதற்கு நிகரான வண்ணப்பூச்சு கிடையாது, முத்து மினுக்குள்ள பூச்சைத்தான் பயன்படுத்துகிறார்கள். (17ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் செயற்கை முத்துக்கு மினுக்கு ஏற்றியதே ப்ளீக் என்ற சின்ன ஆற்று மீனின் செதிலிலிருந்து எடுத்த சாறுதான். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கே மனம் நிறையும்.)

இப்போது அளவு. விலங்கு உருவம் சேர்ப்பவர்கள் பலர் ஒரே அளவு விகிதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். நன்னீர் மீனில் அது நடக்காது. 2022இல் கம்போடியாவில் மீகாங் ஆற்றில் பிடிபட்ட ராட்சதத் திருக்கை 300 கிலோ, வாலோடு நீளம் ஏறக்குறைய நான்கு மீட்டர். பத்தில் ஒரு பங்காகச் செய்தால் நாற்பது சென்டிமீட்டர், அலமாரித் தட்டே நிறைந்துவிடும். 2006இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான சுமத்ராவின் பேடோசிப்ரிஸ் மீனில் முதிர்ந்த பெண்களில் மிகச் சிறியது 7.9 மில்லிமீட்டர்தான். அதே விகிதத்தில் அது ஒரு மில்லிமீட்டர்கூட வராது. நியான் டெட்ரா உருவம் ஐந்து சென்டிமீட்டரில் வந்தால் அது நிஜ மீனைவிடப் பெரிது! ஆகவே விகிதத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு உருவத்தோடும் நிஜ மீனின் வளர்ந்த நீளத்தை எழுதி வையுங்கள். பார்ப்பவர் மனத்திலேயே பெருக்கிக்கொள்வார்.

நிறுவனங்களுக்கு வருகிறேன். இந்தக் கலையை மிக உயரத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஜப்பானியர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒசாகா பகுதியில் 1964இல் சின்ன மாடல் கடையாகத் தொடங்கிய கையோடோ, 1999இல் ஃபுருட்டா மிட்டாய் நிறுவனத்தோடு சேர்ந்து 'சாக்கோ எக்' என்ற சாக்லேட் முட்டைக்குள் ஜப்பானிய விலங்குகளின் குட்டி உருவங்களை வைத்தது. அவற்றைச் செதுக்கியவர் ஷினோபு மட்சுமுரா. மிட்டாயோடு இலவசமாக வருகிற பொருள் அருங்காட்சியக மாதிரி போல இருக்க முடியும் என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. பிறகு யூஜின், கலராட்டா போன்ற நிறுவனங்களும் காப்ஸ்யூல்களிலும் பெட்டித் தொகுப்புகளிலும் மீன்களைக் கொண்டுவந்தன. ஜப்பானில் ஆற்று மீன்களின் மேல் மக்களுக்கு உள்ள பற்று அந்த உருவங்களில் தெரியும். வணிகக் கண்ணுக்கு ஒன்றுமில்லாத விரல் நீளச் சிறுமீனைக்கூட இன வேறுபாடு தெரிய வடித்திருப்பார்கள். அமெரிக்காவின் சஃபாரி நிறுவனம் குழாய்ப் பொட்டலத்தில் தருகிற சிறு உருவங்கள் மாணவர்களுக்கு ஏற்றவை, கெட்டியானவை, ஆனால் தொகுப்புக்குத் தொகுப்பு தரம் மாறும். ஐரோப்பிய நிறுவனங்களின் கவனம் பாலூட்டிகள் மேலும் டைனோசர்கள் மேலும்தான் அதிகம். உலகின் மீன் இனங்களில் ஏறக்குறைய பாதி நன்னீரில் வாழ்கிறது, ஆனால் கடையில் சுறாக்கள் நிறைந்து கிடக்கும்; இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

விலைக்கும் தரத்துக்கும் உறவு இருக்கிறதா என்றால், ஓரளவு. விலை கூடியதில் வண்ண வேலை நன்றாக இருக்கும், துடுப்புகள் தனித்தனியாக வார்த்துப் பொருத்தியிருக்கும். ஆனால் உடலமைப்பு சரியாக இருக்கும் என்பதற்கு விலை சாட்சி அல்ல. வழவழப்பான வண்ணத்தில், கண்ணாடிக் கண்ணோடு, கையால் செய்தது என்று நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு பாஸ் மீனுக்கு மேல்தாடை கண்ணுக்கு முன்பே முடிந்துவிட்டது. லார்ஜ்மவுத் பாஸ் என்று எழுதியிருந்தார்கள். அந்த மீனுக்குத் தாடை கண்ணின் பின்விளிம்பையும் தாண்டிப் போக வேண்டும், பெயரிலேயே பெரிய வாய் இருக்கிறது. இன்றும் அதை வகுப்பில் பிழைக்கு உதாரணமாக எடுத்துக் காட்டுகிறேன்.

பழைய உருவங்களை வாங்கும்போது இரண்டு விஷயங்கள். வயிற்றில் பதித்திருக்கும் ஆண்டு பெரும்பாலும் வடிவமைப்பின் உரிமை ஆண்டு, அந்த உருவம் தயாரான ஆண்டு அல்ல. ஒரே அச்சில் பல ஆண்டுகள் வார்ப்பார்கள். இரண்டாவது, நகல். அசலிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்த்த நகல் அசலைவிடச் சற்றே சிறிதாகவும், செதில் ஓரமும் துடுப்புக் கதிரும் மழுங்கியும் இருக்கும். அசலை வைத்திருக்கும் ஒருவரிடம் மில்லிமீட்டர் கணக்கில் நீளம் கேட்டு ஒப்பிட்டால் பெரும்பாலும் பிடிபடும். பெயரில் மட்டும் அவசரப்பட்டுத் தப்பு சொல்லிவிடாதீர்கள். ரெயின்போ ட்ரௌட்டின் அறிவியல் பெயர் 1989 வரை சால்மோ கெய்ர்ட்னெரி, அதன் பிறகுதான் ஆன்கோரிங்கஸ் மைக்கிஸ். பழைய பெயர் அச்சிட்ட சீட்டு அதன் காலத்தில் சரியானதுதான், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

பராமரிப்பில் பலரும் கோட்டை விடுவது பெட்டியில். குட்டி உருவங்களில் பெரும்பாலானவை, வளைந்து கொடுப்பதற்காக மென்மையாக்கி என்ற வேதிப்பொருள் சேர்த்த பிவிசி பிளாஸ்டிக். அந்த மென்மையாக்கி காலப்போக்கில் மெல்ல வெளியே கசியும், உருவம் பிசுபிசுக்கும். அது பாலிஸ்டைரீன் பெட்டியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் பெட்டியையும் கரைத்து ஒட்டிக்கொள்ளும், வண்ணமும் உரிந்து வரும். விலை குறைந்த கண்ணாடி போன்ற பெட்டிகள் பல பாலிஸ்டைரீன்தான். பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன், கண்ணாடி ஆகியவை பாதுகாப்பானவை. வெயிலும் வெப்பமும் படாமல், காற்று சற்றுப் புழங்கும்படி வையுங்கள். பிசுபிசுத்தால் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பும் மிருதுவான பிரஷும் போதும், திரும்ப வந்தால் திரும்பக் கழுவ வேண்டியதுதான். டால்கம் பவுடர் தூவினால் நின்றுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது ஒட்டலை மறைத்தது, நிறுத்தவில்லை. அசிட்டோன் வேண்டாம், வண்ணம் போய்விடும். வளைந்த துடுப்பை வெந்நீரில் சில விநாடி வைத்து, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் நிமிரும். கொதிக்கிற நீர் கூடாது. மஞ்சளித்த வெள்ளை வண்ணம் பழையபடி திரும்பாது.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதையும் கவனியுங்கள். பொம்மைகளில் தாலேட் வகை மென்மையாக்கிகள் சிலவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும் அமெரிக்கா 2008இலும் சட்டம் போட்டு 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தின. அதற்கு முந்தைய உருவங்களைக் குழந்தை வாயில் வைக்கும்படி விடக் கூடாது. அளவும் ஆபத்துதான், பல உருவங்கள் மூச்சுக்குழலை அடைக்கும் அளவிலேயே இருக்கின்றன. பழைய ஈய உலோக உருவங்களைத் தொட்டால் கை கழுவுங்கள். அழகாக இருக்கும் என்று எந்த உருவத்தையும் உயிர் மீன் உள்ள தொட்டிக்குள் போடாதீர்கள், வண்ணமும் மென்மையாக்கியும் நீரில் கலக்கும்.

எதைச் சேர்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்ல ஆசை. தொகுப்பு தொகுப்பாக வாங்காமல் உடலமைப்பு வரிசையாகச் சேர்த்துப் பாருங்கள். தாடையே இல்லாத, பக்கத்துக்கு ஏழு செவுள் துளை கொண்ட லாம்ப்ரே, தகடு போர்த்திய ஸ்டர்ஜன், நீண்ட தாடையுள்ள கார் என்ற மீன், அரோவானா, விலாங்கு, கெண்டை, கெளுத்தி, சால்மன், திலாப்பியா, விரால். இவற்றோடு ஒரு நுரையீரல் மீன். ஆப்பிரிக்க நுரையீரல் மீனுக்கு இணைத் துடுப்புகள் நூல் மாதிரி இருக்கும், ஆஸ்திரேலியாவினுடையதற்கு இலை மாதிரி அகன்று, செதில்களும் பெரிதாக இருக்கும். விற்பவர்கள் இரண்டையும் குழப்புவார்கள். நுரையீரல் மீனுக்கு நாம் சால்மனைவிட நெருங்கிய சொந்தம் என்று தெரிந்து அதை அந்த வரிசையில் வைக்கும்போது அலமாரி வேறு மாதிரித் தெரியும். சீனத் துடுப்புமூக்கு மீனின் உருவம் எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். யாங்சியில் வாழ்ந்த அந்த மீன் அற்றுப்போனதாக 2022இல் அறிவித்துவிட்டார்கள்.

கடைசியாக உங்கள் 'கெண்டை'. தப்பு என்று தூக்கிப் போடும் முன் கொஞ்சம் பொறுங்கள். கெண்டை என்ற பெயரில் பல மீன்கள் இருக்கின்றன. மீசை இல்லாமல், முதுகுத் துடுப்பு குட்டையாக, உடல் உருண்டு நீண்டிருந்தால் அது புல் கெண்டையாக இருக்கலாம். கண் வழக்கத்தைவிடக் கீழே இறங்கி, வாய்க்கோட்டுக்குச் சமமாகவோ அதற்கும் கீழோ இருந்தால் வெள்ளிக் கெண்டை. அதற்குக் கண் அப்படித்தான். பக்கவாட்டில் ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று, வாயோரம் நெருக்கமாக ஒன்று என்று மூன்று படம் எடுத்து இங்கேயே போடுங்கள், அளவுகோலையும் பக்கத்தில் வையுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.